க்யா ஹோனா? – இரானி ஹோட்டலில் உருதுவில் ஆர்டர் செய்யக் கற்ற கதை

2004-ல் வேலை மாறி ஹைதராபாத் போனேன். ஹைடெக் சிட்டியில் ஆபீஸ், மெஹ்திபட்டினத்தில் ரூம். ரூமில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேருக்கும் சமைக்கத் தெரியாது. அதனால் காலை டீயிலிருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் தெருமுனை இரானி ஹோட்டல்தான்.

பாஷை பற்றி எனக்குப் பயம் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் சாயங்கால டியூஷன் போய், தட்சிண பாரத் இந்தி பிரசார சபா பரீட்சைகளை ராஷ்டிரபாஷா வரை எழுதியவன் நான். போதாததற்கு, ‘முப்பது நாளில் உருது’ வகைப் புத்தகம் ஒன்றையும் வாங்கி ரயிலிலேயே பாதி படித்து முடித்திருந்தேன். உட்கார்ந்ததும் பரிமாற வந்த பெரியவரிடம், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

“பராயே மெஹர்பானி, முஜே ஏக் பியாலி சாய் தீஜியே.”

தயவுசெய்து எனக்கு ஒரு கோப்பை தேநீர் தாருங்கள். இலக்கணப்படி ஒரு குறையும் கிடையாது. பக்கத்து மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே பார்த்து “ஏக் சாய்!” என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“அவ்ர் க்யா ஹோனா, ஸாப்?”

எனக்குப் புரியவில்லை. நான் படித்த இந்தியில் ‘ஹோனா’ என்றால் ஆவது, இருப்பது. ‘இன்னும் என்ன ஆகணும்?’ என்று இவர் எதற்குக் கேட்கிறார்? முழித்தேன். அவர் பிஸ்கட் தட்டைக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. “நஹீ சாஹியே, ஷுக்ரியா” என்றேன். “நக்கோ? டீக் ஹை” என்று போய்விட்டார்.

அந்த ‘நக்கோ’வைக் கேட்டதும் எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணம் அந்த ஞாபகம்தான்.

ஹாஸ்டலில் நடந்தது

1995-லிருந்து 99 வரை பி.இ. படித்தேன். ஹாஸ்டலில் எங்கள் அறையில் வாணியம்பாடிப் பையன் ஒருவன் இருந்தான். வீட்டில் உருது பேசுகிற குடும்பம். எங்களோடு தமிழில்தான் பேசுவான். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் உருதுவுக்கு மாறுவான். “ஹவ்”, “நக்கோ”, “கைகு”, “மேரேகு” என்று அவன் பேசுவது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஹாஸ்டலில் இந்தி படித்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் நீதிபதி பதவி எனக்கு வந்தது. “டேய், அது ‘மேரேகு’ இல்லடா, ‘முஜே’. ‘நக்கோ’ன்னு ஒரு வார்த்தையே கிடையாது. ‘நஹீ சாஹியே’ன்னு சொல்லணும்” என்று திருத்துவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்து, பரீட்சைக்கு இந்தி படித்த ஒருத்தன், தாய்மொழியாக உருது பேசுகிறவனுக்கு ‘உன் மொழி தப்பு’ என்று பாடம் எடுத்தேன். இப்படி எழுதிப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரிகிறது.

ஹைதராபாத் ஹோட்டலில் மொத்தக் கூட்டமும் ‘நக்கோ’ சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவரை எல்லாரும் ‘சிச்சா’ என்று கூப்பிட்டார்கள், அதாவது சாச்சா, சித்தப்பா. “சிச்சா, மேரேகு ஏக் பவுனா ஹோனா. பிஸ்கட் நக்கோ.” இது பக்கத்து மேஜைக்காரர். பவுனா என்றால் முக்கால். இரானி ஹோட்டலில் அது பால் தூக்கலாகப் போடும் டீயின் பெயர். ஒரே வாரத்தில் நானும் அப்படியே கேட்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேணும், வேண்டாம்

ஹோட்டலில் ஆர்டர் செய்ய அடிப்படையாகத் தேவைப்படுவது இரண்டே சொல்தான்: வேணும், வேண்டாம். புத்தக உருதுவில் ‘வேணும்’ என்பதற்கு ‘சாஹியே’ இருக்கிறது. ‘வேண்டாம்’ என்பதற்குத் தனிச்சொல் இல்லை, ‘நஹீ சாஹியே’ என்று இரண்டு சொல்லை ஒட்டவைக்க வேண்டும். ஹைதராபாத்தில் பேசும் தக்கினி உருதுவில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ஹோனா, நக்கோ.

தமிழில் வேணும், வேண்டாம். தெலுங்கில் காவாலி, வத்து. கன்னடத்தில் பேக்கு, பேடா. தக்கினி உருது இந்த வரிசையில் வந்து அச்சாக உட்காருகிறது. ‘நக்கோ’ மராத்தியின் ‘நகோ’. ‘ஹோனா’ அதைவிடச் சுவாரசியம். தெலுங்கின் ‘காவாலி’, ‘ஆகு’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வருவது. உருதுவின் ‘ஹோனா’வுக்கும் ‘ஆவது’ என்றுதான் பொருள். சொல் வடக்கத்தியது, யோசிக்கிற விதம் இந்தப் பக்கத்தியது. சிச்சா கேட்ட ‘க்யா ஹோனா’வை ‘என்ன ஆகணும்’ என்று நான் புரிந்துகொண்டது தப்பே இல்லை. பதில் சொல்லத் தெரியாததுதான் தப்பு.

இன்னொன்று. “அவன் வரமாட்டேன்னு சொன்னான்” என்பதைத் தக்கினியில் “வோ நை ஆத்தூ போல்கே போலா” என்பார்கள். இந்த ‘போல்கே’ நம்முடைய ‘என்று’. தெலுங்கில் ‘அனி’. புத்தக உருதுவில் ‘அவன் சொன்னான், என்னவென்றால்’ என்று ‘கி’ போட்டு வாக்கியத்தைத் திருப்பிப் போடவேண்டும். தக்கினியில் தமிழ் வரிசையிலேயே பேசலாம். ‘அப்படியே’ என்பதில் வரும் ஏகாரத்துக்கு ஓர் ‘இச்’ உண்டு: ‘வைசாஇச்’. இது மராத்தி தந்தது.

பயன்பாட்டுக்கு ஒரு சின்னப் பட்டியல். இது கையில் இருந்தால் சார்மினார் பக்கம் பசியோடு திரும்ப மாட்டீர்கள்.

மேரேகு ஏக் சாய் ஹோனா – எனக்கு ஒரு டீ வேணும்.
நக்கோ – வேண்டாம்.
ஹவ் – ஆமா.
பஸ் – போதும்.
ஹல்லு – மெதுவா.
கித்னா ஹுவா? – எவ்வளவு ஆச்சு?

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் தமிழ். பில் கேட்கும்போது நாமும் ‘ஆச்சு’ என்றுதான் கேட்கிறோம்.

மரியாதை விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ‘லா’ என்றால் கொண்டுவாடா. ‘லாவ்’ என்றால் கொண்டுவா. ‘லாயியே’ என்றால் கொண்டுவாங்க. எனக்குப் பழகிய நடையில் கட்டளையே வேண்டாம். “சிச்சா, ஏக் சாய் மிலேகி?” – ஒரு டீ கிடைக்குமா? நம் ஊரில் பெரியவர் ஒருவர் பரிமாறும்போது “ஐயா, இன்னொரு இட்லி கிடைக்குமா?” என்று கேட்பது போலத்தான்.

‘நம்முது தப்பு உருது, ஸாப்’

ஆபீஸில் லக்னோ பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவரை இந்த ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். சிச்சா பேசப் பேச அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சினிமா காமெடியன் மாதிரி பேசறார்” என்றார். சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. ஹைதராபாத் பேச்சை இந்தி ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத். ஹைதராபாத்காரர்களே 2005-ல் ‘தி ஆங்ரேஜ்’ என்று முழுக்கத் தங்கள் பேச்சிலேயே ஒரு படம் எடுத்தார்கள். ஊரே கொண்டாடியது, அதுவும் காமெடிதான். அந்தப் பேச்சு கேட்டாலே சிரிக்கவேண்டும் என்று எல்லாருக்கும் பழகிவிட்டது.

நண்பர் சிரித்ததில் எனக்குச் சங்கடம். சிச்சா அதைச் சமாளித்த விதம் சங்கடத்தைக் கூட்டியது. “ஹமாரி உருது தோ ஐசீ இச் ஹை, ஸாப். அஸல் உருது ஆப் லோகாங்கி” என்றார். எங்க உருது இப்படித்தான் ஸார், அசல் உருது உங்களுடையது. அறுபது வயது மனிதர், பிறந்ததிலிருந்து பேசும் மொழியை ‘அசல் இல்லை’ என்று இருபத்தாறு வயதுப் பையன்களிடம் ஒத்துக்கொள்கிறார்.

எது அசல்? யார் முடிவு செய்தது? சாப்ட்வேர் ஆள் புத்தி, எந்த வெர்ஷன் முதலில் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். பொழுதுபோக்காக ஆரம்பித்த தேடல் இன்னும் முடியவில்லை. இதுவரை தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எது முதலில்?

1327-ல் முகமது பின் துக்ளக் தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றினார். பள்ளிக்கூடத்தில் கோமாளித்தனம் என்று படித்தோமே, அதேதான். அதிகாரிகள், படைவீரர்கள், சூஃபிகள் எனப் பெரிய கூட்டம் தெற்கே வந்தது. தலைநகர் திரும்பிப் போனது, வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போகவில்லை. 1347-ல் தக்காணத்தில் பாமினி அரசு தனியாகப் பிரிந்தது. டெல்லியோடு அரசியல் தொடர்பு அறுந்துபோக, அவர்கள் கொண்டுவந்த மொழி இங்கே மராத்தி, தெலுங்கு, கன்னடத்தின் நடுவில் தனியாக வளர்ந்தது.

அப்போது அதற்கு ‘உருது’ என்ற பெயரே கிடையாது. ‘உருது’ என்பது முகாம் என்ற பொருளுள்ள துருக்கியச் சொல். மொழிக்கு அந்தப் பெயர் நிலைத்தது 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான். தெற்கே இருந்தவர்கள் தங்கள் மொழியை ஹிந்தவி, ஹிந்தி, தக்கினி என்றெல்லாம் அழைத்தார்கள்.

இந்தத் தக்கினியில் 15-ஆம் நூற்றாண்டிலேயே ‘கதம் ராவ் பதம் ராவ்’ என்ற நீண்ட கதைக்கவிதை எழுதப்பட்டுவிட்டது. 1591-ல் ஹைதராபாத்தை உருவாக்கி சார்மினாரைக் கட்டிய முகமது குலி குதுப் ஷா, தானே பெரிய தக்கினிக் கவிஞர். மழை, பண்டிகை, பழம், காய்கறி என்று அவர் பாடாத விஷயம் இல்லை. அவருடைய அவையில் இருந்த முல்லா வஜ்ஹி 1635-ல் ‘ஸப் ரஸ்’ என்ற உரைநடை நூலை எழுதினார். பழைய தக்கினி நூல்களில் ‘நக்கோ’வும் இருக்கிறது. நான் ஹாஸ்டலில் ‘கிடையாது’ என்று தீர்ப்பு சொன்ன அதே வார்த்தை.

அதே காலத்தில் டெல்லியில் என்ன நடந்தது? இலக்கியம் என்றால் பாரசீகம்தான். பேசுவது இந்த மொழியாக இருந்தாலும், மதிப்பான எழுத்தைப் பாரசீகத்திலேயே எழுதினார்கள். நிலைமை மாறியதற்குத் தெற்கிலிருந்து போன ஒருவர் முக்கியமான காரணம்: வலி தக்கினி. அவர் 1700-ஐ ஒட்டி டெல்லி போனார். பின்னால் அவருடைய கவிதைத் தொகுப்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. ‘நாம் தெருவில் பேசும் மொழியில் இவ்வளவு நல்ல கஸல் எழுத முடியுமா’ என்று டெல்லிக் கவிஞர்கள் விழித்துக்கொண்டார்கள்.

விழித்துக்கொண்டவர்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் செய்தது, மொழியைச் ‘சுத்தப்படுத்துவது’. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் டெல்லிக் கவிஞர் ஷா ஹாத்திம் தன் பழைய கவிதைகளையே எடுத்து, நாட்டுப்புறத்தனமாகத் தோன்றிய சொற்களை நீக்கித் திருத்தி ‘தீவான்ஸாதா’ என்று வெளியிட்டார். மாதிரியைத் தந்தது தெற்கு. தராசு டெல்லியின் கைக்குப் போனது. 1800-ல் கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரி வந்து, கம்பெனி அதிகாரிகளுக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுக்க உரைநடை நூல்கள் எழுத வைத்தபோதும், டெல்லி நடையே பாடமானது.

சொந்த ஊரிலேயே இரண்டாம் இடம்

தெற்கே மட்டும் தக்கினி ராஜாவாக இருந்ததா என்றால், இல்லை. 1686-ல் பீஜப்பூரும் 1687-ல் கோல்கொண்டாவும் ஔரங்கசீப் கையில் விழுந்தன. தக்கினியை ஆதரித்த இரண்டு அவைகளும் போயின. 1724-லிருந்து ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம்கள் முகலாய அதிகாரப் பரம்பரை. அலுவலக மொழி பாரசீகம்.

1857 கலவரத்துக்குப் பின் டெல்லியிலும் லக்னோவிலும் பிழைப்பு இழந்த எழுத்தாளர்களும் அதிகாரிகளும் வேலை தேடி வந்த இடங்களில் ஹைதராபாத் முக்கியமானது. டெல்லியின் புகழ்பெற்ற கவிஞர் தாக் தெஹ்ல்வி, ஆறாம் நிஜாமுக்கே கவிதை ஆசானாக இருந்து 1905-ல் இங்கேயே இறந்தார். 1880-களில் பாரசீகத்தை எடுத்துவிட்டு உருது ஆட்சிமொழியானபோது, அது வடக்கத்திய உருது. உள்ளூர்க்காரர்களை ‘முல்கி’ என்றும் வந்தவர்களை ‘கைர் முல்கி’ என்றும் பிரித்துப் பேசும் உத்தியோகச் சண்டை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

1918-ல் உஸ்மானியா பல்கலைக்கழகம் வந்தது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்திய மொழி ஒன்றில் உயர்கல்வி தந்த மகத்தான முயற்சி அது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வகுப்பறைக்குள்ளும் ‘ஹோனா’வுக்கு இடமில்லை. வகுப்பில் ‘சாஹியே’, வீட்டிலும் ஹோட்டலிலும் ‘ஹோனா’. சிச்சா தன் மொழியை ‘அசல் இல்லை’ என்று நம்பியது அவர் குறையில்லை. அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம் இருக்கிறது.

அதே ஹைதராபாத்திலிருந்துதான் மறுகண்டுபிடிப்பும் நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். உஸ்மானியாவில் பேராசிரியராக இருந்த மொஹியுத்தீன் காத்ரி ஸோர், குலி குதுப் ஷாவின் கவிதைகளைத் தேடிப் பதிப்பித்தார். மௌல்வி அப்துல் ஹக் ‘ஸப் ரஸ்’ஸைப் பதிப்பித்தார். நம் ஊரில் உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த மாதிரி வேலை. அவர்கள் இல்லையென்றால் என்னைப் போன்ற ஆளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சாப்பாட்டுப் பெயர்களில் ஊர் வரலாறு

இந்தக் கலப்பை எல்லாம் தட்டிலேயே பார்க்கலாம். ஆர்டர் செய்யும்போது நாம் உச்சரிக்கும் சொற்கள் எங்கெங்கிருந்து வந்தவை என்று பாருங்கள்.

‘நான்’ பாரசீகத்தில் ரொட்டி. ‘பிரியாணி’ பாரசீகத்தின் ‘பிர்யான்’, அதாவது வறுத்தது. ‘தம்’ என்றால் மூச்சு. பானையை மூடி, ஆவி வெளியே போகாமல் வேகவிடுவது. ‘கோஃப்தா’ என்றால் இடித்தது. ‘கீமா’ துருக்கிய மொழியின் ‘கிய்மா’, பொடியாக நறுக்கியது. ‘கோர்மா’வும் துருக்கிய வழி, வதக்கியது. ‘நிஹாரி’ அரபியின் ‘நஹார்’ என்ற சொல்லிலிருந்து. ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்து காலையில் பரிமாறுவது. ‘லுக்மி’ என்ற சதுர சமோசாவின் பெயர் ‘லுக்மா’விலிருந்து, ஒரு கவளம்.

நிஜாம் படையில் வேலை பார்க்க ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து அரபிகள் வந்தார்கள். அவர்கள் தங்கிய இடம் இன்றைக்கும் ‘பர்காஸ்’. ஆங்கிலப் ‘பேரக்ஸ்’தான் வாயில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. அவர்களுடைய கோதுமை-இறைச்சிக் களியான ‘ஹரீஸ்’, இங்கே மசாலாவும் நெய்யும் சேர்ந்து ‘ஹலீம்’ என்று பெயர் எடுத்தது. 2010-ல் ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடைசியாக வந்தவர்கள் பம்பாய், புனே வழியாக வந்த ஈரானியர்கள். அவர்கள் பெயரில்தான் இரானி சாய். வேடிக்கை என்னவென்றால் ஈரானில் டீயில் பால் சேர்ப்பதில்லை. சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கட்டன் டீயாகக் குடிப்பார்கள். டிகாக்‌ஷனைத் தனியாகத் தம் போட்டு, சுண்டக் காய்ச்சிய பாலை மேலே ஊற்றும் இரானி சாய், இந்தியாவில் பிறந்தது.

இவ்வளவு பெயரும் மேற்கிலிருந்து வந்தவை. ஆனால் தட்டின் ஓரத்தைப் பாருங்கள். மிர்ச்சி கா சாலன், பகாரா பைங்கன், கட்டி தால். புளி, வேர்க்கடலை, எள், கறிவேப்பிலை. பெயர் உருது, ருசி தெலுங்கு. ‘மேரேகு ஹோனா’ என்ற வாக்கியத்தில் நடந்ததேதான் இந்தக் கத்தரிக்காயிலும் நடந்திருக்கிறது. பகாரா பைங்கனை ‘அசல் இல்லை’ என்று யாராவது சொல்வார்களா? சாப்பாட்டில் கலந்தால் ருசி என்கிறோம், பேச்சில் கலந்தால் கொச்சை என்கிறோம்.

நம் புரோட்டா கடை உருது

ஹைதராபாத் கதையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ‘சாலன்’ எனக்குப் புதிய வார்த்தையே இல்லை. புரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாதான் அது. கோர்மா நம் குருமா. கீமா நம் கைமா. பாயா என்றால் கால். மட்டன் சுக்காவின் ‘சுக்கா’, காய்ந்தது. சர்பத், அல்வா எல்லாம் அந்த வழி வந்தவை. சாப்பிட்டு முடித்துக் கல்லாவுக்குப் போனாலும் விடவில்லை: பாக்கி, ரசீது, ஜாஸ்தி, காலி, தயார். “குருமா காலி, சால்னா தயார், பாக்கி வாங்கிக்க” என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி உருது.

இதற்கும் தக்காணத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. ஆற்காடு நவாப்கள் பெயரளவில் ஹைதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்பட்டவர்கள். வரி வசூல், நிலக் கணக்கு எல்லாம் பாரசீகத்தில் நடந்தது. 1801-ல் கர்நாடகப் பகுதி கம்பெனி கைக்குப் போன பிறகும் சொற்கள் தங்கிவிட்டன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னைத் திருவல்லிக்கேணி என்று தக்கினி பேசும் குடும்பங்களும் இருக்கிறார்கள். ஹைதராபாத் ‘நக்கோ’வும் வாணியம்பாடி ‘நக்கோ’வும் ஒரே குடும்பம்.

அதாவது நான் சின்ன வயதிலிருந்தே அரைகுறை உருதுவில்தான் ஆர்டர் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அந்த அரைகுறைக்கு நான் வெட்கப்பட்டதே இல்லை. முழுசாகப் பேசியவனை வெட்கப்பட வைத்தேன்.

போன் பேசியது

ஹைதராபாத்தை விட்டு வந்து வெகு வருஷம் ஆகிறது. கிளம்புவதற்கு முன் சிச்சாவிடம், சார்மினார் கட்டிய ராஜாவே உங்களைப் போலத்தான் பேசினார், டெல்லிக்காரர்கள் கவிதை எழுதக் கற்றதே தக்கினியைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தெரிந்த உருதுவில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “பாதுஷா லோகாங்கி பாத் அலக், ஸாப்” என்றார். ராஜாக்கள் விஷயம் வேற. அப்புறம், “சாய் டண்டீ ஹோரீ” என்று ஞாபகப்படுத்தினார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

போன மாதம் இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கும்போது, வாணியம்பாடி நண்பனுக்குப் போன் செய்தேன். தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறான். ‘ஹோனா’ அவர்கள் வீட்டிலும் உண்டா என்று கேட்டேன். “உண்டு. எதுக்குடா?” என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஹாஸ்டல் விஷயத்தையும் சொல்லி, தப்புடா என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீ திருத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஹாஸ்டல் போன்ல வீட்டுக்குப் பேசறதையே விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போவேன், ஞாபகம் இருக்கா?” என்றான்.

ஞாபகம் இருந்தது. அங்கே ராத்திரி ரேட் குறைவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப என் பொண்ணு திருத்துறா” என்று சிரித்தான். “ஸ்கூல்ல இந்தி எடுத்திருக்கா. ‘மேரேகு இல்லப்பா, முஜே’ங்கிறா.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்றது? அவளுக்கு மார்க் வரணும்ல.”

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்காகத்தான். பரீட்சையில் ‘முஜே சாஹியே’ என்றே எழுதும்மா, அதற்குத்தான் மார்க். ஆனால் உங்கள் அப்பா பேசுவது தப்பான உருது இல்லை. ‘உருது’ என்ற பெயர் வருவதற்கு முன்னாலிருந்தே கவிதையும் கதையும் எழுதப்பட்ட மொழி அது. அடுத்த மாதம் ஆம்பூரில் சாப்பிடப் போவதாக உங்கள் அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஆர்டர் நான் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தப்பு விட்டால் இந்தத் தடவை அவன் திருத்தட்டும்.